மீசை முளைக்காத தம்பிகளுக்கு

தோட்டத்துக் கோயில் வாசலில் காவல் நிற்கும் முனியாண்டிக்கு மறுபடியும் வர்ணம் பூசுவதைப் பார்த்திருப்பீர்கள். கண்ணுக்கு அடுத்தபடி சிற்பி அதிக நேரம் செலவிடுவது மீசைக்குத்தான். மதுரை வீரனுக்கும் அப்படியே. சாமிகளை விடுங்கள். 1959-ல் சிவாஜி கணேசன் கட்டபொம்மனாக வந்து மீசையை முறுக்கினார். 2019-ல் தமிழ்க் குடும்பத்தில் பிறந்த இந்திய விமானப்படை வீரர் அபிநந்தன் பாகிஸ்தானில் பிடிபட்டுத் திரும்பி வந்தார். அடுத்த வாரமே முடிதிருத்தும் கடைகளில் இளைஞர்கள் அவர் மீசையைக் கேட்டு வரிசையில் உட்கார்ந்தார்கள். இப்படி மீசையைப் பார்த்தே வளர்ந்த ஒரு பிள்ளை, தன் மேலுதட்டில் ஒன்றும் இல்லையே என்று கண்ணாடி முன் நின்று கலங்கினால் அதைச் சிறுபிள்ளைத்தனம் என்று தள்ளிவிட எனக்கு மனம் வரவில்லை.

இந்த மாதம் இரண்டு கடிதங்கள். இரண்டும் கோலா பிலா வட்டாரத்திலிருந்தே வந்தவை. மேலோட்டமாகப் பார்த்தால் இரண்டும் ஒரே கேள்விதான். ஆனால் இரண்டுக்கும் நான் சொல்லப் போகும் பதில் நேர் எதிரானது. அதனால்தான் இந்தத் தடவை பக்கம் முழுவதையும் இதற்கே ஒதுக்கிவிட்டேன்.

முதல் கடிதம் ஒரு தம்பி எழுதியது. வயது 20. செம்பனைத் தோட்டத்தில் லோரி உதவியாளராக வேலை. உயரமும் உடற்கட்டும் குறைவில்லை; குரல் தடித்து நாலைந்து வருடமாகிறது. ஆனால் மேலுதட்டின் இரு ஓரத்திலும் பூனைமுடி போல் கொஞ்சம் இருப்பதைத் தவிர வேறில்லை. கூட வேலை செய்பவர்கள் 'பாப்பா' என்று கூப்பிடுகிறார்களாம். தைப்பூசத்துக்கு நாற்பத்தெட்டு நாள் விரதமிருந்து தாடி வளர்த்தபோது, மற்றவர்கள் முகமெல்லாம் கறுத்திருக்க, இவர் மட்டும் விரதம் இருந்ததாகவே தெரியவில்லை என்று கேலி செய்தார்களாம். கைப்பேசியில் விளம்பரம் பார்த்து மூன்று புட்டி எண்ணெய் வாங்கித் தேய்த்து முகம் வெந்ததுதான் மிச்சம். இப்போது உடற்பயிற்சிக் கூடத்தில் பழக்கமான ஒருவர், "ஊசி போட்டால் மூன்றே மாதம்" என்கிறாராம். போட்டுக்கொள்ளலாமா என்று கேட்கிறார்.

இரண்டாவது கடிதம் ஒரு தாய் எழுதியது. மகனுக்கு 16 வயது. "இன்னும் மீசை அரும்பவில்லை, சார். குரலும் சின்னப் பிள்ளைக் குரலாகவே இருக்கிறது. உயரமும் தம்பியைவிடக் குறைவு. என் மாமியார், ஆம்பளைப் பிள்ளைக்கு எல்லாம் மெதுவாகத்தான் வரும், பொறு என்கிறார்கள். பொறுக்கலாமா?"

தம்பியின் கடிதத்தை முதலில் எடுத்துக்கொள்வோம்.

தம்பி, மீசை என்பது திடீரென்று முளைக்கும் புதுப் பயிர் அல்ல. பிறந்த நாள் முதலே உன் முகத்தில் ஆயிரக்கணக்கான மயிர்க்கால்கள் இருக்கின்றன. அவற்றிலிருந்து வருவது மெல்லிய, நிறமில்லாத பூனைமுடி. பருவ வயதில் விரைகள் டெஸ்டோஸ்டிரோன் என்னும் ஆண்சுரப்பை உண்டாக்கத் தொடங்குகின்றன. அது இரத்தத்தோடு வந்து தோலைச் சேர்ந்ததும், அங்குள்ள ஒரு நொதி அதை இன்னும் வலுவான ஒரு பொருளாக மாற்றுகிறது. டைஹைட்ரோடெஸ்டோஸ்டிரோன் என்று நீளமான பெயர், டி.எச்.டி. என்று வைத்துக்கொள்வோம். இந்தப் பொருள் மயிர்க்காலைத் தட்டி எழுப்ப, பூனைமுடி தடித்துக் கறுத்து மீசையாகிறது.

இங்கேதான் எல்லோரும் தடுக்கி விழுகிற இடம். மீசை குறைவு என்றால் சுரப்பு குறைவு என்று நினைத்துவிடுகிறார்கள். பெரும்பாலும் அப்படி இல்லை. சுரப்பு இருவருக்கும் ஒரே அளவாக இருந்தும், ஒருவனுடைய மயிர்க்கால் சட்டென்று எழும். இன்னொருவனுடையது சோம்பிக் கிடக்கும். பால்மரம் வெட்டிய குடும்பங்களுக்கு இதைச் சொல்லித்தர வேண்டியதில்லை. ஒரே மண், ஒரே உரம், வெட்டுகிற கையும் ஒன்றே, ஆனால் ஆர்.ஆர்.ஐ.எம். 600 ஒட்டு மரம் தந்த பாலைப் பழைய விதைக்கன்று மரம் தந்ததா? உரத்தைக் குறை சொல்லிப் பயனில்லை. மரத்தின் இனம் அப்படி.

முளைப்பதற்கும் ஒரு வரிசை உண்டு. முதலில் மேலுதட்டின் இரண்டு ஓரங்கள். பிறகு ஓரத்திலிருந்து நடுவை நோக்கி வரும். அதன் பின் காதோரமும் கன்னத்தின் மேற்பகுதியும்; கீழுதட்டுக்கு அடியில்; கடைசியில்தான் மோவாயும் தாடையும். பலருக்கு 14, 15 வயதில் இது தொடங்குகிறது. ஆனால் முடியும் வயது என்று ஒன்று கிடையாது. இருபதைத் தாண்டி, இருபத்தைந்தைத் தாண்டி, சிலருக்கு முப்பதை நெருங்கும் வரைகூட முகமுடி அடர்ந்துகொண்டே போகும். உன் மீசை ஓரத்தில் நிற்கிறது என்றால் வண்டி இன்னும் கிளம்பவில்லை என்று பொருளல்ல; முதல் நிறுத்தத்தைத் தாண்டிவிட்டது, மெதுவாக வருகிறது, அவ்வளவுதான்.

நீ படித்த இடைநிலைப்பள்ளியை எண்ணிப் பார். கோலா பிலாவில் உன்னோடு ஐந்தாம் படிவத்தில் உட்கார்ந்திருந்த சீனப் பையன்களில் எத்தனை பேருக்கு மீசை இருந்தது? மலாய் நண்பர்களில் எத்தனை பேருக்கு? அவர்களில் யாரையாவது நீ ஆண்மை குறைந்தவன் என்று நினைத்ததுண்டா? கிழக்காசிய மக்களிடம் ஈ.டி.ஏ.ஆர். என்ற மரபணுவின் ஒரு வகை மிகப் பரவலாகக் காணப்படுகிறது. தலைமுடியைத் தடிப்பாக்குவது அதுதான். 2016-ல் பிரேசில், சிலி, கொலம்பியா, மெக்சிகோ, பெரு ஆகிய நாடுகளில் 6,000-க்கும் மேற்பட்டவர்களை ஆராய்ந்தபோது, தாடியின் அடர்த்தியோடும் அதே மரபணுவுக்குத் தொடர்பிருப்பது தெரியவந்தது. நம் தமிழரிடம் பொதுவாக முகமுடி அடர்த்தி அதிகம். ஆகவே நம்மில் ஒருவனுக்குக் குறைந்தால் கூட்டத்தில் தனியாகத் தெரிகிறது. அதே முகத்தோடு அவன் வேறு குடும்பத்தில் பிறந்திருந்தால் யாரும் திரும்பிக்கூடப் பார்த்திருக்க மாட்டார்கள்.

சரி, யாரைப் பார்த்து உன் மீசையை முன்கூட்டி அறிவது? அப்பாவைப் பார் என்பார்கள். அப்பாவை மட்டும் பார்த்தால் போதாது. ஆண்சுரப்பை ஏற்றுக்கொள்ளும் ஏற்பிக்கான மரபணு எக்ஸ் குரோமோசோமில் இருக்கிறது. ஆண் பிள்ளைக்கு எக்ஸ் குரோமோசோம் தாயிடமிருந்துதான் வரும். மற்ற மரபணுக்கள் இரு பக்கத்திலிருந்தும் வருகின்றன. ஆகவே தாய்மாமனையும் பார்க்க வேண்டும். (நம்மைச் சுற்றியுள்ள நெகிரி செம்பிலான் மலாய்க்காரர்கள் அடாட் பெர்பாத்தே வழக்கப்படி நிலத்தைத் தாய்வழியில் கொடுக்கிறார்கள். நிலமாவது பத்திரம் எழுதித் தரலாம். மீசைக்கு அந்த வசதி இல்லை.) மாமாவுக்கு எந்த வயதில் மீசை வந்தது என்று பாட்டியிடம் கேள். பழைய அடையாள அட்டைப் படம் கிடைத்தால் இன்னும் நல்லது. 22 வயதில் மொழுமொழுவென்று இருந்த மாமா 30 வயதில் மீசைக்காரராக நிற்பதைப் பல வீடுகளில் காணலாம்.

மீசைக்கும் ஆண்மைக்கும் முடிச்சுப் போடுகிறவர்களுக்காக ஒரு செய்தி சொல்ல வேண்டும். கரிபியக் கடலில் டொமினிக்கன் குடியரசு என்று ஒரு நாடு. அங்கே சலினாஸ் என்ற சிற்றூரில் சில குடும்பங்களில், டெஸ்டோஸ்டிரோனை டி.எச்.டி.யாக மாற்றும் நொதி பிறவியிலேயே குறைந்த ஆண்கள் இருந்தார்கள். மருத்துவர் ஜூலியான் இம்பெராட்டோ மெக்கின்லியும் உடனிருந்தவர்களும் அவர்களை ஆராய்ந்து 1974-ல் எழுதினார்கள். டி.எச்.டி. இல்லாததால் அந்தப் பிள்ளைகளின் பிறப்புறுப்பு பிறக்கும்போது சரியாக உருவாகியிருக்கவில்லை; பலரைப் பெண் குழந்தைகள் என்றே வளர்த்தார்கள். பருவ வயது வந்ததும் டெஸ்டோஸ்டிரோன் தன் வேலையைச் செய்தது. குரல் தடித்தது, தசை முறுக்கேறியது, உறுப்பும் வளர்ந்தது. தாடி மட்டும் குறைவு. தலையோ வழுக்கை விழவேயில்லை! இதிலிருந்து என்ன தெரிகிறது? குரலும் தசையும் ஒரு கணக்கு. தாடி வேறு கணக்கு. உடம்பு இரண்டையும் தனித்தனிப் பேரேட்டில்தான் எழுதி வைத்திருக்கிறது.

வழுக்கை விழவில்லை என்றேனே, அதைக் கவனித்த மருந்து நிறுவனத்தார் அந்த நொதியைத் தடுக்கும் பினாஸ்டிரைடு என்ற மருந்தைச் செய்தார்கள். 1997 முதல் அமெரிக்காவில் அது வழுக்கைக்கு விற்கப்படுகிறது. ஏனென்றால் முகத்தில் முடியை வளர்க்கும் அதே டி.எச்.டி., மரபு அப்படி அமைந்தவர்களுக்கு உச்சந்தலை முடியைச் சுருக்கிவிடுகிறது. உன்னைப் 'பாப்பா' என்று கூப்பிடும் அடர்ந்த மீசைக்காரர்களில் சிலர் இன்னும் பத்து வருடத்தில் தலையைத் தடவிக்கொண்டு உன்னைப் பார்ப்பார்கள். இதைச் சொல்லிச் சண்டைக்குப் போகாதே, மனத்தில் வைத்துக்கொள்.

சுரப்புக்கும் தாடிக்கும் சம்பந்தமே இல்லை என்று நான் சொல்ல வரவில்லை. 1970-ல் 'நேச்சர்' என்ற புகழ்பெற்ற அறிவியல் இதழில் ஒருவர் பெயர் போடாமல் ஒரு கட்டுரை எழுதினார். வாரக்கணக்கில் தனித் தீவில் வேலை பார்த்தவர் அவர். தினமும் சவரம் செய்து, மின்சார ரேசரில் விழும் முடித்தூளை நிறுத்துப் பார்த்தார். தீவில் தனித்திருந்த நாட்களில் எடை குறைந்தது. கரைக்குத் திரும்பித் துணையைக் காணப் போகும் நாள் நெருங்கியதும் எடை கூடியது. ஆனால் ஏற்கெனவே தாடி உள்ளவருக்கு நாளுக்கு நாள் ஏற்பட்ட சிறு மாற்றம் இது. இதை வைத்து யாரும் மருந்து விற்க முடியாது. விற்க முயன்றால் ஆச்சரியப்படவும் மாட்டேன்.

இனி வைத்தியங்கள். சவரம் செய்தால் மீசை தடிக்கும் என்று அப்பா, சித்தப்பா, முடிதிருத்துகிறவர் எல்லோரும் சொல்வார்கள். 1928-ல் அமெரிக்காவில் செயின்ட் லூயிஸ் நகரத்து உடற்கூற்று அறிஞர் மில்ட்ரெட் டிராட்டர் என்ற பெண்மணி ஆண்களைச் சவரம் செய்ய வைத்து, முடியை நுண்ணோக்கியில் வைத்து அளந்து பார்த்தார். தடிப்பும் மாறவில்லை, நிறமும் மாறவில்லை, வேகமும் மாறவில்லை. வெட்டாத முடியின் நுனி ஊசிபோல் மெலிந்திருக்கும். பிளேடு வெட்டியதும் அடிப்பகுதி மொட்டையாக நிற்கும். தடவினால் முள்போல் குத்துகிறது. நாம் தடித்துவிட்டது என்கிறோம். சவரம் செய்வதில் தீங்கில்லை. ஓரத்தில் மட்டும் நாலு முடி நின்றால் மழித்துவிடுவது பார்க்கவும் நன்றாக இருக்கும். அடுத்தவர் பிளேடை மட்டும் தொடாதே.

சின்ன வெங்காயச் சாறும் பூண்டும் தேய்ப்பது நம் வீடுகளில் வழக்கம். பூண்டை நசுக்கித் தோலில் வைத்துக் கட்டினால் தீப்பட்டதுபோல் கொப்புளிக்கும். தழும்பு விழுந்த இடத்தில் உள்ள மயிர்க்காலும் போய்விடும். விளக்கெண்ணெய் தீங்கில்லாதது. முடியைப் பளபளப்பாக்கும், புதிதாக முளைக்க வைக்காது. முன்பு சந்தையில் கூடை வைத்துக் கரடிநெய் என்று விற்றார்கள். இன்று அதே வியாபாரம் கைப்பேசிக்குள் நடக்கிறது. 2015-ஐ ஒட்டிய ஆண்டுகளில் வாக் டோயோக் என்ற மலேசிய மீசைக்காரர் பெயரில் வந்த களிம்பு நாடெங்கும் பேசப்பட்டது நினைவிருக்கலாம். ஒன்று ஓடினால் பின்னாலேயே போலி ஒன்பது வரும். ஆகவே எதை வாங்கினாலும் புட்டியைத் திருப்பிப் பார். நம் நாட்டில் பதிவு பெற்ற மருந்தாக இருந்தால் எம்.ஏ.எல். என்று தொடங்கும் எண் இருக்கும். என்.ஓ.டி. என்று தொடங்கும் எண் இருந்தால் அது அழகுப் பொருள். அதற்கு மருந்தின் குணம் உண்டென்று சொல்லி விற்க அனுமதி இல்லை. இரண்டும் இல்லாவிட்டால் உள்ளே என்ன இருக்கிறதென்று விற்பவருக்கே தெரியாது. மருந்து விளம்பரங்களைக் கட்டுப்படுத்த 1956-லேயே நம் நாட்டில் சட்டம் வந்துவிட்டது. சட்டம் இருக்கிறது; கைப்பேசியும் இருக்கிறது; என்ன செய்ய!

உண்மையில் ஓரளவு வேலை செய்யும் மருந்து ஒன்று உண்டு. மினாக்சிடில் என்று பெயர். இரத்தக் கொதிப்புக்காகக் கண்டுபிடித்து, சாப்பிட்டவர்களுக்கு உடம்பெல்லாம் முடி வளர்வதைப் பார்த்துத் தலைக்குத் தேய்க்கும் மருந்தாக்கினார்கள். தாய்லாந்தில் 48 ஆண்களை வைத்து 16 வாரம் தாடியில் தேய்த்துப் பார்த்த ஆய்வு 2016-ல் வெளிவந்தது. வெறும் திரவம் தேய்த்தவர்களைவிட மருந்து தேய்த்தவர்களுக்கு நன்றாகவே தெரிந்தது. ஆனால் முகத்துக்கென்று அங்கீகாரம் பெற்ற மருந்தல்ல அது. தோல் அரிக்கலாம், வறளலாம். சிலருக்குத் தலைசுற்றலும் நெஞ்சுப் படபடப்பும் வரும். 18 வயதுக்குக் கீழே வேண்டவே வேண்டாம். அதற்கு மேல் உள்ளவர்களும் மருத்துவரையோ மருந்தகத்தில் மருந்தாளரையோ நேரில் கேட்காமல் வாங்கக் கூடாது. வீட்டில் பூனை இருந்தால் கட்டாயம் எச்சரிக்கை வேண்டும். தேய்த்த இடத்தைப் பூனை நக்கினால் அதன் உயிருக்கே ஆபத்து.

ஊசி விஷயத்துக்கு வருகிறேன், தம்பி. உடற்பயிற்சிக் கூடத்து நண்பர் சொல்வது டெஸ்டோஸ்டிரோன் ஊசியாகத்தான் இருக்கும். மருத்துவர் சீட்டில்லாமல் விற்கக் கூடாத மருந்து அது. உன் குரலும் உடலும் நீ சொன்னபடி இருந்தால் உன் விரைகள் வேண்டிய அளவு சுரக்கின்றன. வெளியிலிருந்து மேலும் ஏற்றினால் மூளையின் அடியில் உள்ள பிட்யூட்டரி சுரப்பி, "போதும், வேலையை நிறுத்து" என்று விரைகளுக்குச் சொல்லிவிடும். விரை சுருங்கும். விந்தணு குறையும், சிலருக்கு முற்றிலும் நின்றுபோகும். ஊசியை நிறுத்தினால் பழையபடி திரும்ப மாதக்கணக்காகும். சிலருக்கு அதற்கும் மேலாகும். இரத்தம் தடிக்கும், முகமெல்லாம் பரு வரும். இத்தனைக்கும் பிறகு மீசை வருமா என்றால், சோம்பிக் கிடப்பது மயிர்க்கால்; உரத்தைக் கொட்டினால் மட்டும் அது மாறிவிடாது. மீசை இல்லாததால் ஆண்மை இல்லை என்று பயந்தவன், மீசைக்காக ஊசி போட்டுப் பிள்ளை பெறும் சக்தியை இழப்பதை என்னவென்று சொல்வது? போட்டுக்கொள்ளாதே. ஏற்கெனவே போட்டிருந்தால் மறைக்காமல் மருத்துவரிடம் சொல்.

ஒன்று விட்டுப்போயிற்று. மீசையோ தாடியோ இருந்து, நடுவில் காசு அளவுக்கு வட்டமாக உதிர்ந்தால் அது வேறு. நம்மவர்கள் புழுவெட்டு என்பார்கள். புழுவும் இல்லை, வெட்டும் இல்லை. உடம்பின் எதிர்ப்புச் சக்தி தன் மயிர்க்காலையே பகைவன் என்று எண்ணித் தாக்குவதால் வருவது. பலருக்குத் தானே சரியாகும். தோல் மருத்துவர் ஊசியோ களிம்போ கொடுத்து விரைவுபடுத்துவதும் உண்டு. வெங்காயத்தைத் தேய்த்துப் புண்ணாக்க வேண்டாம்.

இப்போது அந்தத் தாயின் கடிதம்.

அம்மா, உங்கள் மாமியார் மேல் எனக்கு மரியாதை உண்டு. ஆனால் இந்த விஷயத்தில் இனி ஒரு மாதமும் பொறுக்க வேண்டாம். உங்கள் மகனுக்கு மீசை இல்லாதது எனக்குப் பெரிதாகப் படவில்லை. 16 வயதில் குரல் உடையவில்லை, உயரம் எழும்பவில்லை என்கிறீர்களே, அதுதான் பெரிது. ஆண் பிள்ளையின் பருவம் மீசையில் தொடங்குவதில்லை. விரைகள் பெரிதாவதில் தொடங்குகிறது. சாதாரணமாக 9 வயதிலிருந்து 14 வயதுக்குள் அது நடந்துவிடும். பிறகு மறைவிட முடி, அக்குள் முடி, சட்டென்று உயரம், குரல் மாற்றம் என்று ஒன்றன்பின் ஒன்றாக வரும். 14 வயது முடிந்தும் இதில் எதுவுமே தொடங்கவில்லை என்றால் மருத்துவரைப் பார்க்க வேண்டும். தொடங்கி நடுவில் நின்றுபோனாலும் அப்படித்தான். 13 வயதுக்கு மேல் மகனை யாரும் குளிப்பாட்டிவிடுவதில்லை. ஆகவே அப்பாவுக்கும் தெரியாது, அம்மாவுக்கும் தெரியாது. பிள்ளையும் வாயைத் திறக்காது. எல்லோரும் மீசையைப் பார்த்தபடியே காத்திருந்தால், பார்க்க வேண்டியது தப்பிவிடுகிறது.

பயந்துவிடாதீர்கள். இப்படி வரும் பிள்ளைகளில் பெரும்பாலோருக்கு நோயே இல்லை, வெறும் தாமதம். அப்பாவும் பதினேழு, பதினெட்டில்தான் வளர்ந்திருப்பார். உணவுக் குறைவும் இரத்தக் குறைவும் பருவத்தைத் தள்ளிப்போடும். இசைமேதை பாக் வாழ்ந்த 18-ம் நூற்றாண்டில் ஜெர்மனியின் லைப்சிக் நகரத்துப் பாடகர் குழுவில் பையன்களுக்குக் குரல் உடைந்தது 17 வயதை ஒட்டித்தான் என்று பழைய ஏடுகளைப் பார்த்தவர்கள் கணக்கிட்டிருக்கிறார்கள். கொக்கிப்புழுவும் அரைவயிற்றுக் கஞ்சியுமாக இருந்த நம் பாட்டன்மார் காலத்திலும் பருவம் பிந்தியே வந்திருக்கும். உங்கள் மாமியார் அதைப் பார்த்துத்தான் சொல்கிறார் போலும்.

ஆனால் சிலருக்குக் காரணம் உள்ளே இருக்கும். தலசீமியாவுக்காக அடிக்கடி இரத்தம் ஏற்றிக்கொள்ளும் பிள்ளைகளுக்கு இரும்புச் சத்து சுரப்பிகளில் படிந்து பருவத்தைத் தடுக்கலாம். 1942-ல் பாஸ்டன் நகரில் ஹாரி கிளைன்பெல்டர் எழுதிய நிலை இன்னொன்று: ஓர் எக்ஸ் குரோமோசோம் கூடுதலாகப் பிறப்பது. 500 முதல் 1,000 ஆண் குழந்தைகளில் ஒன்றுக்கு இது உண்டு. இவர்கள் நல்ல உயரமாகவே வளர்வார்கள். விரை சிறுத்திருக்கும், முகமுடி குறைவாக இருக்கும். கல்யாணமாகிப் பிள்ளை இல்லை என்று போகும்போதுதான் பலருக்குத் தெரியவருகிறது. மூன்றாவது, கால்மன் நோய். பருவச் சுரப்பைத் தூண்டும் கட்டளை மூளையிலிருந்தே வராது. கூடவே பிறவியிலிருந்து மோப்ப சக்தியும் இருக்காது. மகனைக் கேட்டுப் பாருங்கள்: கட்டிப்பால் ஏற்றிய லோரி வீட்டைக் கடந்தால் எல்லோரும் மூக்கைப் பொத்துகிறார்களே, அவன் பொத்துகிறானா? கருவாடு வறுக்கும் வாசனை தெரிகிறதா? தெரியவில்லை என்றால் மருத்துவரிடம் முதலில் அதைச் சொல்லுங்கள்.

இவற்றுக்கெல்லாம் வைத்தியம் உண்டு. தம்பியை வேண்டாம் என்று தடுத்தேனே, அதே டெஸ்டோஸ்டிரோனை மருத்துவர் சிறிய அளவில், அளந்து, சில மாதங்களுக்குக் கொடுத்துப் பருவத்தைத் தொடங்கி வைப்பதும் உண்டு. தேவைப்பட்டால் நீண்ட காலத்துக்கும் கொடுப்பார். அளவில்லாமல் கொடுத்தால் எலும்பின் வளரும் நுனி சீக்கிரமே மூடிக்கொண்டு உயரம் நின்றுவிடும். அதனால்தான் இதை நண்பர் கையிலும் கைப்பேசி வியாபாரி கையிலும் விடக் கூடாது என்கிறேன். காரணம் உள்ள பிள்ளையை இருபது வயது வரை வைத்துக்கொண்டிருந்தால் எலும்பும் வலுவிழக்கும். அதைவிட, அத்தனை வருடமும் அந்தப் பிள்ளை வகுப்பில் எப்படித் தலையைக் குனிந்துகொண்டு உட்கார்ந்திருக்கும் என்பது ஆசிரியர்களாகிய எங்களுக்குத் தெரியும்.

கேலி செய்கிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. 1981-ல் கே. பாலசந்தர் 'தில்லு முல்லு' எடுத்தபோது, ஒரே ஆள் மீசையோடும் மீசையில்லாமலும் இரண்டு பேராக வேடம் போட்டு, மீசையை மதிக்கும் முதலாளியான தேங்காய் சீனிவாசனை ஏமாற்றுவதைப் பார்த்து விழுந்து விழுந்து சிரித்தோம். முதலாளியைப் பார்த்துத்தான் சிரித்தோம் என்பதை மறந்துவிட்டோம் போலிருக்கிறது.

அம்மா, போகும் விதத்தையும் சொல்லிவிடுகிறேன். முதலில் பக்கத்து அரசாங்கக் கிளினிக்கில் காட்டுங்கள்; குடிமக்களுக்கு 1 வெள்ளிதான். அங்கிருந்து கடிதம் கொடுத்தால் கோலா பிலா துவாங்கு அம்புவான் நஜிஹா மருத்துவமனைக்கோ, சிரம்பான் துவாங்கு ஜாஃபார் மருத்துவமனைக்கோ போக வேண்டியிருக்கும். நீங்கள் கூடப் போவதைவிட அப்பாவோ மாமாவோ போவது நல்லது. மருத்துவர் உடலைப் பார்க்க வேண்டியிருக்கும், பிள்ளை கூசும். என்ன பார்ப்பார்கள் என்பதை வீட்டிலேயே அவனிடம் சொல்லிக் கூட்டிப்போங்கள். இடது கையை எக்ஸ்ரே எடுப்பார்கள். எலும்பின் வயதை அதில் காணலாம். 16 வயதுப் பிள்ளையின் எலும்பு 13 வயதுபோல் இருந்தால் அது பெரும்பாலும் நல்ல செய்திதான். வளர இன்னும் இடமிருக்கிறது. டெஸ்டோஸ்டிரோன் காலையில் உச்சத்தில் இருக்கும், பிறகு இறங்கிவிடும். ஆகவே இரத்தம் எடுக்கும் நாளில் காலை நேரத்திலேயே, பசியாறாமல் வரச் சொல்வார்கள். பள்ளிச் சுகாதாரப் பதிவில் ஆண்டுதோறும் எடுத்த உயரமும் எடையும் இருந்தால் எடுத்துப் போங்கள். மருத்துவருக்கு அது பெரிய உதவி. கூடப் போகிறவர் மண்டோரிடம் முதல் நாளே சொல்லிவிட்டு, கிளினிக்கில் நேரச் சீட்டை மறக்காமல் கேட்டு வாங்கி வரட்டும்.